டிவி போட்டோ கிடைத்தது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா சின்னவளுக்குக் காது குத்தி முடிந்தது. மாமா உன்னைக் கேட்டார், வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

நீ அனுப்பிய டிவி போட்டோ வந்தது. இரண்டு மாதத்தில் உன்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். அதனால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 51 இன்ச் அகலத்திரை ப்ரொஜெக்ஷன் செட், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது என்கிறாய். நல்ல செட். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒன்றாக மூன்று டியூப் இருக்கும் இந்த மாதிரி செட்டில் இருட்டுக் காட்சி உண்மையிலேயே இருட்டாக இருக்கும். ஆனால் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றிருக்கிறது. பழைய 4:3 படத்தை, அதாவது நாலு பங்கு அகலமும் மூன்று பங்கு உயரமும் உள்ள படத்தை, நீ ஃபுல் அளவில் போட்டிருக்கிறாய். ஃபுல்லில் அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடும், உயரம் கூடாது.

ரிமோட்டில் அளவு பட்டனை அழுத்தி நார்மலுக்கு வா. உருவம் சரியாகிவிடும். உன் திரையின் அகலம் நாற்பத்து நாலரை இன்ச். படம் நடுவில் 33 இன்ச்சில் நிற்கும், இரண்டு பக்கமும் ஐந்தரை இன்ச் பட்டை விழும். ஜூமில் அகலமும் உயரமும் சேர்ந்து கூடும், அதனால் மேலே எட்டில் ஒரு பங்கும் கீழே எட்டில் ஒரு பங்கும் வெட்டுப்படும். அடியில் ஓடும் எழுத்து காணாமல் போவது அதனால்தான். பல செட்டில் ஜூமில் இருக்கும்போது படத்தை மேலே ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, நடுவை விட்டு ஓரங்களை மட்டும் இழுக்கும் அளவு. சோனியில் வைட் ஜூம், தோஷிபாவில் தியேட்டர்வைட் 1, பானாசோனிக்கில் ஜஸ்ட் என்று இருக்கும். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பரவாயில்லை. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் ஓரத்துச் சுவர் ரப்பர் மாதிரி நெளியும்.

கேபிள் பாக்ஸின் செட்டப்பிலும் அளவு இருக்கிறது. பாக்ஸும் இழுத்து டிவியும் இழுத்தால் எது செய்த தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு இடத்தில் மட்டும் மாற்று. 1080ஐ என்கிற ஹெச்டி சிக்னல் வந்தால் பல செட்டில் அளவு பட்டன் வேலையே செய்யாது, ஃபுல்லில் பூட்டிக்கொள்ளும். அப்போது பாக்ஸில்தான் மாற்ற வேண்டும். டிவிடி போடுவதானால் பிளேயரில் டிவி வகை 16:9 (அகலத்திரை), டிவியில் ஃபுல். பிளேயரை, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடும் 4:3 லெட்டர்பாக்ஸில் விட்டு டிவியில் ஜூம் செய்தால் உருவம் சரியாகத்தான் தெரியும், ஆனால் கால்வாசி வரிகள் வீணாகிவிடும். சினிமாஸ்கோப் படத்துக்கு எப்படி வைத்தாலும் மேலும் கீழும் மூன்று இன்ச் கறுப்பு இருக்கும். அது பழுதல்ல.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். போட்டோவில் கேபிள் பாக்ஸின் கடிகாரம் 3:10 காட்டுகிறது. ஜன்னலில் வெளிச்சம் இல்லை. அந்தச் செய்தி சேனலின் முத்திரை திரை மூலையில் அசையாமல் நிற்கிறது. ராத்திரி முழுக்க அப்படி ஓடவிடாதே தம்பி. உள்ளே இருக்கிற டியூப் ஒவ்வொன்றும் ஏழு இன்ச்தான். அந்தச் சின்னப் படத்தைத்தான் லென்ஸ் 51 இன்ச்சாக விரிக்கிறது, அதனால் டியூப் மிகவும் பிரகாசமாக எரிய வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே எழுத்து நின்றால் அங்கே டியூபின் ஒளிரும் பூச்சான பாஸ்பர் தேய்ந்து தழும்பு விழும். விழுந்தால் போகாது. பக்கப் பட்டையும் அப்படித்தான்: நடு மட்டும் தேய்ந்துபோய், பிறகு அகலப் படம் வரும்போது ஓரங்கள் வெளிச்சமாகத் தெரியும். பட்டைக்குச் சாம்பல் நிறம் இருந்தால் கறுப்பை விட்டு அதை எடு. கடை வெளிச்சத்தில் எடுப்பாக இருக்க கான்ட்ராஸ்ட்டை உச்சத்தில் வைத்துத்தான் அனுப்புவார்கள். பாதிக்குக் கீழே இறக்கு. இறக்கிவிட்டாயா என்று எழுது. தூங்கும்போது அணைத்துவிடு. தூக்கம் வரவில்லை என்றாலும் அணைத்துவிடு.

எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிகிறது, அது கன்வர்ஜென்ஸ் கோளாறு, மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை. செட் அரை மணி நேரம் சூடான பிறகுதான் தொட வேண்டும். மெனுவில் நடுச் சிலுவை வரும்; பச்சை அசையாது, சிவப்பையும் நீலத்தையும் அதன்மேல் கொண்டுவந்து வெள்ளைக் கோடாக்கு. கட்டம் கட்டமாகச் சரிசெய்கிற பக்கம் இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போ. ஒரு நிறம் வில்லாக வளைந்து எவ்வளவு நகர்த்தியும் வரவில்லை என்றால் கன்வர்ஜென்ஸ் ஐசி, அதாவது அதை இயக்குகிற சிப், போயிருக்கும், பெரும்பாலும் எஸ்டிகே 392 வரிசை. பின்பக்கத்தை நீ திறக்காதே. அணைத்த பிறகும் உள்ளே ஹை வோல்டேஜ் நிற்கும்.

இதை நீயே செய்வாய், உனக்குக் கை நிதானம் உண்டு. எட்டாம் வகுப்பிலேயே சால்டரிங் அயர்னை என்னைவிட ஒழுங்காகப் பிடித்தவன் நீ.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு செட்டுக்குக் கன்வர்ஜென்ஸ் வைக்க முக்கால் மணி நேரம்தான் ஆகும். நாலு மணி நேரம் ஆகும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன், அந்த வருஷம் முழுக்க. நீ சாப்பிடாமல் விழித்திருந்தாய் என்று அம்மா சொல்வாள். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் வராமல் இருந்தேன். செய்தது தப்பு.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு. இங்கே ராத்திரி எட்டரைதான் ஆகும். பத்தரைக்கே செட்டைப் போட்டுவிடு, சூடாகட்டும். போனை ஸ்பீக்கரில் வை. கான்ட்ராஸ்ட்டை முதலில் இறக்கிவிட்டு உட்கார்.

அப்பா