படிக்கட்டில் கேட்ட ஒரு கேள்விக்கு

உடற்பயிற்சிக் கூடத்தில் அளவு மீறிப் பயிற்சி செய்த வினையால் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு, நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். ஊசி இறங்கிய இடத்தில் இன்னும் நீலம் பூத்திருக்கிறது. நடந்தது என்னவென்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார்கள். அதனால் அந்த ஆறு நாட்களை மறுபடி விரிக்கப்போவதில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் பிழைத்தன. அது போதும்.

முதலில் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு பெரிய நன்றி. இரவில் முறைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிய கால்பந்து அணித் தோழர்களுக்கு. உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் மில்லிலிட்டர் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிவைத்த தம்பிக்கு (அந்த நோட்டை யாரும் புரட்டக்கூடாது). நள்ளிரவிலும் சலைன் பை காலியாகுமுன் வந்து நின்ற செவிலியர்களுக்கு. விடுப்புக் கடிதம் கேட்காத அலுவலகத்துக்கு. ஒரு வார்த்தைகூடத் திட்டாத அம்மாவுக்கு. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இனி, இந்த மடல் யாருக்காக எழுதப்படுகிறதோ அவருக்கு.

அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஒரே உடற்பயிற்சிக் கூடத்தில், பக்கத்துப் பக்கத்து ராக்கில் (எடைக்கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டம்), ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி செய்திருக்கிறோம். ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. நீங்கள் சின்னத் தட்டுகளை மாட்டி, அளந்ததுபோல ஒரே ஆழத்துக்கு இறங்கி எழுவீர்கள். நான் பெரிய தட்டுகளை மாட்டிக்கொண்டு, மூச்சிரைத்து, பாரை ராக்கில் மோதுகிற சத்தத்தில் கூடத்தையே திரும்பிப் பார்க்க வைப்பேன். உங்களை நான் பொருட்படுத்தியதே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று புதன்கிழமை. திங்கள் மாலை நான் செய்த வீரதீரத்துக்குப் பிறகு மூன்றாம் நாள். தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுவதற்குச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. செவ்வாயன்று பார்த்த மருத்துவர் தசைவலி என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். ‘உட்கார்ந்தால் இறுகிவிடும், கொஞ்சம் அசைத்துக்கொடுத்தால் சரியாகும்’ என்று நானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்துக் கூடத்துக்கு வந்தேன். மேலே ஏறிவிட்டேன், இறங்கத்தான் முடியவில்லை. கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, நண்டுபோல, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஏறி வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ‘கால் பயிற்சி நன்றாக நடந்திருக்கிறதுபோல’ என்றார் ஒருவர். இன்னொருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அந்த வலியை ஒரு பதக்கம்போல அணிந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு படி கீழே நின்று என் தொடையைப் பார்த்தீர்கள், முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, ஒரு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியமாக, “தம்பி, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?” என்று கேட்டீர்கள்.

படிக்கட்டு நிறைய ஆட்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அறிமுகமில்லாத ஒரு பெண்மணி கேட்கிற கேள்வியா இது? நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகரப் பார்த்தேன். நீங்கள் வழிவிடவில்லை. “வெட்கப்பட நேரமில்லை. மஞ்சளா, கோலா நிறமா?”

கோலா நிறம்தான். காலையிலிருந்தே அப்படித்தான். தண்ணீர் போதவில்லைபோல என்று நினைத்து ஒரு செம்பு நீரைக் கூடுதலாகக் குடித்துவிட்டு அதை மறந்தும்விட்டேன்.

அதன் பிறகு நீங்கள் செலவழித்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. மாதக் கட்டண ரசீதை என் பையிலிருந்து எடுக்கச் சொன்னீர்கள். உங்கள் பேனாவைத் தந்து, பின்பக்கத்தில் மூன்று ரத்தப் பரிசோதனைகளின் பெயர்களை எழுதவைத்தீர்கள்: கிரியாட்டின் கைனேஸ், கிரியாட்டினின், பொட்டாசியம். “இந்த மூன்றையும் இன்றைக்கே பார்க்கவேண்டும், நாளைக்கு அல்ல. சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தால் ரத்தம் என்று காட்டும், நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.” வலி மாத்திரையின் பெயரைக் கேட்டுவிட்டு, அடுத்ததை விழுங்கவேண்டாம் என்றீர்கள். அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்குமாம். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற உறுப்பின் கழுத்தைப் பிடிப்பதுபோல. ஆய்வகத்தில் வேலை செய்வதாகவும், அந்த நிறத்தைக் குப்பியில் பலமுறை பார்த்திருப்பதாகவும் சொன்னீர்கள். ஆட்டோவைக் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டு, பயிற்சிக்கு மேலே போய்விட்டீர்கள்.

மருத்துவமனையில் எல்லாம் நீங்கள் சொன்னபடியே நடந்தது. பட்டை ரத்தம் என்றது, நுண்ணோக்கி இல்லை என்றது. ரசீதின் பின்பக்கத்தைப் படித்த இளம் மருத்துவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதை யார் எழுதச் சொன்னது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தசை உடைந்தால் ரத்தத்தில் கூடுகிற, இயல்பாகச் சுமார் 200 அலகுகளுக்குள் இருக்கவேண்டிய கிரியாட்டின் கைனேஸ் எனக்கு 60,000-ஐத் தாண்டியிருந்தது. தசை இழைகள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் போய் அடைந்துகொண்டிருந்தது. கோலா நிறம் அதனுடையது. இந்தத் தசைச் சிதைவுக்கான ராப்டோமயோலைசிஸ் என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். படுத்த படுக்கையில் அதைப்பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1941-இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் கைகால் நசுங்கி மீட்கப்பட்டவர்கள், மீட்கப்பட்ட பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோவதை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். கட்டடம் விழுந்து நசுங்கியவர்களுக்கு நேர்ந்ததை நான் காசு கட்டி, கண்ணாடி முன்னால் நின்று, எண்ணி எண்ணி வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘அந்தப் பயிற்சியையே விட்டுவிடு’ என்கிறார்கள் வீட்டில். நண்பர்களும்தான். அவர்கள் அன்பை மதிக்கிறேன், ஆனால் குற்றவாளி அது இல்லை. பார்பெல்லை, அதாவது தட்டுகள் மாட்டிய எடைக்கம்பியை, தோளில் வைத்து, இறக்காமல் இருபது ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்) செய்யும் முறை பழையது. 1930-களில் ஜோசப் ஹைஸ் போன்ற அமெரிக்க எடைதூக்குபவர்கள் உடல் பெருக்க அதைச் செய்தார்கள். 1936-இல் ‘அயர்ன் மேன்’ என்ற உடற்பயிற்சி இதழைத் தொடங்கிய பியரி ரேடர் அதை ஊரறியச் செய்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையை எடுத்துக்கொண்டு, நடுநடுவே நின்று ஆழமாக மூச்சிழுத்து, இருபது முறை முடிப்பது. அடுத்த தடவை இரண்டரைக் கிலோ கூட்டுவது. நான் அதைப் பிடித்துக்கொண்டது உடல் பெருக்க இல்லை. கால்பந்தாட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் என் கால்கள் என்னைக் கைவிட்டுக்கொண்டிருந்தன, அதற்காக.

பலனும் கிடைத்தது. பத்தைத் தாண்டியதும் கால் கெஞ்சுவதற்கு முன்பே நுரையீரல் கெஞ்சத் தொடங்கும். உடலின் மிகப் பெரிய தசைகள் எல்லாம் ஒன்றாகக் காற்றுக் கேட்கும். நின்று இளைப்பாறலாம் என்றால் அதுவும் இளைப்பாறல் இல்லை, பாரம் தோளில்தான் இருக்கிறது. முதுகையும் வயிற்றையும் இறுக்கிப்பிடித்தபடியே மூச்சுவிடக் கற்றுக்கொள்ளவேண்டும். பதினாறாவதுக்கு முன் நான்கு மூச்சு, பத்தொன்பதாவதுக்கு முன் ஆறு. ஓட்டத்துக்கு அது மாற்று ஆகாது, ஓடித்தான் ஆகவேண்டும். ஆனால் கால் எரியும்போது தலை கலங்காமல் இருக்க அதைப்போல எனக்கு வேறெதுவும் கற்றுக்கொடுத்ததில்லை.

பிழை என்னுடையது. வேலை மாறியதில் நான்கு மாதம் பார்பெல் பக்கமே போகவில்லை. திரும்பி வந்த முதல் நாள், விட்ட இடத்திலிருந்து, பழைய எடையில் ஐந்து செட், ஒவ்வொன்றிலும் இருபது. நூறு முறை. உடற்கட்டு வீரர் டாம் பிளாட்ஸ் 238 கிலோவில் 23 முறை ஸ்குவாட் செய்ததை முந்தின இரவுதான் காணொளியில் பார்த்திருந்தேன். அந்தக் கால்களுக்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி இருந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்தேன். தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கொஞ்சமாக அடிபட்டால் அடுத்த அடிக்குத் தன்னைத் தயார்செய்துகொள்ளும், அந்தக் காப்பு சில வாரம் நிற்கும். நான்கு மாதத்தில் எனக்கு அது முழுக்கக் கழன்றுபோயிருந்தது. மனதுக்கு மட்டும் பழைய எடை நினைவிருந்தது. பாரத்தோடு கீழே இறங்கும்போது நீள்கிற தசைதான் அதிகம் கிழிகிறது. நூறு முறை இறங்கினேன்.

எத்தனை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. இரண்டாம் நாள் இரவு, சொட்டுச் சொட்டாக இறங்குகிற சலைனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, படிக்கட்டில் தட்டிக்கொடுத்த கைகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அவர்கள்மேல் கோபமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் தட்டிக்கொடுத்திருப்பேன். அவர்கள் இடத்தில் நின்று எத்தனை பேருக்குத் தட்டிக்கொடுத்திருக்கிறேனோ.

இப்போதைக்கு நடைக்கு மட்டும் அனுமதி. ரத்த அளவுகள் இயல்புக்கு வந்த பிறகு, மருத்துவர் சரி என்றால், வெறும் பார், ஒரு செட், பத்து முறை. அதற்குமேல் போக வாரக்கணக்கில் பொறுப்பேன். ஒரு செட் இருபதைத் தொட எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். ஐந்து செட் என்ற பேச்சே இனி இல்லை. இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணமே, நான் மீறினால் நீங்கள் யாராவது என் காதைத் திருகவேண்டும் என்பதுதான். இன்னொன்றும் உண்டு. இனி யாராவது படியில் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்தால் நானும் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறேன். எத்தனை பேர் முன்னால் என்றாலும். அடிவாங்கினாலும் பரவாயில்லை.

அக்கா, வரவேற்பில் விசாரித்தேன். நீங்கள் செவ்வாய், புதன் மாலைகளில் வருவதாகச் சொன்னார்கள். பெயரைச் சொல்ல முன்வந்தார்கள், வேண்டாம் என்றேன். அதை உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேனா என்னிடம் இருக்கிறது. அவசரத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன், ஆறு நாளும் அது தலையணைக்கு அடியில்தான் இருந்தது. நீர்க்கணக்கு நோட்டைத் தம்பி எழுதியதும் அதில்தான், மை பாதி தீர்ந்துவிட்டது. வரும் செவ்வாய் படிக்கட்டுக்குக் கீழேயே காத்திருக்கிறேன். மேலே ஏற இன்னும் அனுமதி இல்லை.