சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டுப் பட்டறையைப் பூட்டிய விஷயமும், பழுதான என் கிட்டாரும் மாண்டலினும்

அனுப்புநர்:
கிட்டார் வகுப்பு ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள், இசைக்கருவிப் பட்டறை, புதுச்சேரி.

நாள்: 9 ஜனவரி 2025

பொருள்: கிட்டார் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பெயர்ந்ததும், மாண்டலின் ஸ்ருதி சேராததும், உங்கள் ஆட்கள் என்னை அலையவிட்டதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாட்ஸ்அப்பில் 14 செய்தி அனுப்பினேன். நீலக் கோடு விழுந்ததோடு சரி, பதில் இல்லை. போன் எத்தனை முறை போட்டேன் என்று எண்ணுவதை நவம்பரிலேயே விட்டுவிட்டேன். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் போடுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு வரவில்லை என்று சொல்ல முடியாதல்லவா.

எந்தக் கருவிகள் என்று விளக்க வேண்டியதில்லை, நீங்கள் செய்தவைதான். தோதகத்தி மரத்தில் முதுகு, ஸ்ப்ரூஸ் மரத்தில் டாப். கிட்டாரின் தலையில் சிப்பியில் ஒரு சின்ன மீன் பதித்து, "கடலூர்க்காரர் ஆச்சே, அதான்" என்று சிரித்தீர்கள். கூடவே எட்டுக் கம்பி மாண்டலின். கிட்டார் 68,000, மாண்டலின் 42,000. நான்கு மாதம் என்றீர்கள், ஏழு மாதம் ஆனது. அதற்கு நான் ஒரு வார்த்தை பேசியதுண்டா? கைவேலை, மரம் ஆற வேண்டும், பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

முதலில் மாண்டலின். வயலினுக்கு உள்ள அதே ஜி, டி, ஏ, இ. நாலு ஜோடிக் கம்பியையும் திறந்தபடி ட்யூனரில் வைத்துச் சரி செய்தால் பச்சை விளக்கு எரிகிறது. விரலை எங்கே வைத்தாலும் ஸ்வரம் தூக்கிக்கொண்டு போகிறது. என் காதில்தான் கோளாறோ என்று கீபோர்டோடு வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜ் ஒட்டாமல் நிற்பதுதானே, நகர்த்தியும் பார்த்தேன். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், 12-ஆவதுக்குச் சரி செய்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில் அபஸ்வரம். கடைசியில் கம்பிகளைத் தளர்த்திவிட்டு இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். நீங்கள் பில்லில் எழுதிய கம்பி நீளம் 350 மில்லிமீட்டர். அந்தக் கணக்குக்கு, கழுத்தின் நுனியில் கம்பிகள் பதிந்து நிற்கும் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 19.6 மில்லிமீட்டரில் வர வேண்டும். இதில் 21-ல் நிற்கிறது. 12-ஆவது 175-ல் வர வேண்டும், 176-ஐத் தாண்டி நிற்கிறது. ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒழுங்காகத்தான் இருக்கின்றன. நட்டு மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் பின்னால் உட்கார்ந்துவிட்டது. பலகையின் நுனியை அந்த அளவு சீவி நட்டை முன்னே தள்ளினால் முடிந்தது. உங்கள் மாஸ்டருக்கு இது அரை நாள் வேலை. நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

இதைப் போனில் சொன்னபோது உங்கள் ரிசப்ஷன் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "ஜோடியில ஒண்ணக் கழட்டிட்டு வாசிங்க சார், அவ்வளவா தெரியாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸே ஒத்தக் கம்பிலதான வாசிச்சாரு?" என்றார். ஐயா, அவர் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் போட்ட எலக்ட்ரிக் மாண்டலின். கமகத்துக்கு அது வேண்டும், கர்நாடக சங்கீதத்தின் தேவை அது. நான் காசு கொடுத்தது எட்டுக் கம்பிக்கு. பாதியைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னால் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவாரா? அப்புறம் இன்னொன்றும் கேட்டார்: "உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ல சார்?" 22 வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறவனிடம்.

சரி, அதையும் விடுகிறேன். சனிக்கிழமையை மட்டும் என்னால் விட முடியவில்லை.

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க, மாஸ்டர் இருப்பாரு" என்று சொன்னதும் அதே தம்பிதான். நவம்பர் 16. காலை எட்டரைக்கே திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். கிட்டார் பெட்டி மடியில், மாண்டலின் பெட்டி கால் இடுக்கில். கண்டக்டர் இரண்டுக்கும் லக்கேஜ் போட வேண்டும் என்றார். பக்கத்து சீட்டு அம்மா "பெட்டியில என்ன தம்பி, பாடியா?" என்று கேட்டார். அரியாங்குப்பம் பாலத்தில் முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, எந்த ஷேர் ஆட்டோவும் பெட்டிகளோடு ஏற்றாததால் தனி ஆட்டோ பிடித்து 250 ரூபாய் கொடுத்து வந்து நின்றால், கேட்டில் பூட்டு. பூட்டுக்குக் கீழே கம்பியில் ஒரு பூனை. ஒரு காகிதம் கூட ஒட்டவில்லை. எதிர் டீக்கடைக்காரர்தான் "ரெண்டு நாளாவே தெறக்கல சார்" என்றார். போன் போட்டேன். ஏழாவது முறை அந்தத் தம்பி எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சனிக்கிழமைன்னுதான் சார் சொன்னேன், இந்தச் சனிக்கிழமைன்னு சொன்னனா?"

அந்த வார்த்தையைக் கேட்டபோது நான் வெயிலில் நின்றிருந்தேன். கிட்டாரை வெயிலில் வைக்காதீர்கள் என்று உங்கள் வாரண்டி அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதனால் என் சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போட்டேன். பனியனோடு நின்று ஆட்டோ தேடினேன். 51 வயதில்.

கிட்டார் விஷயத்தைச் சொல்லவே இல்லை, பாருங்கள். கோபத்தில் வரிசை தப்பிவிட்டது. அக்டோபரில் ஆக்‌ஷன் (பலகைக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) உயர்ந்துகொண்டே போனது. கம்பி அழுத்தினால் விரல் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். புதுப் பையன் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்தேன். பிறகு பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டை விட்டுப் பார்த்தேன், உள்ளே போனது. ஐந்து மில்லிமீட்டர் ஆழம். உங்கள் விசிட்டிங் கார்டுதான் அது. டார்ச் அடித்துப் பார்த்தால் பெயர்ந்த இடத்தில் பளபளப்பு தெரிகிறது. அதாவது பாலிஷைச் சுரண்டாமல் அதன் மேலேயே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். லைட் கேஜ் என்னும் மெல்லிய ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பசை மரத்தைப் பிடிக்காமல் பாலிஷைப் பிடித்தால் எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு உங்கள் பட்டறை சொன்ன ஒரே காரணம் கடல் காற்று. "கடலூர்ல ஹியூமிடிட்டி ஜாஸ்தி சார், ஏசி ரூம்ல வச்சிருக்கணும்." ஐயா, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர். இரண்டும் ஒரே வங்கக் கடல். எங்களுக்குத் தேவனாம்பட்டினம் என்றால் உங்களுக்கு ராக் பீச். எங்கள் காற்று பிரிட்ஜைப் பெயர்க்கும், உங்கள் காற்று பெயர்க்காதா? கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பதை நானும் அறிவேன். கடலோரத்தில் பட்டறை வைத்திருப்பவர் அதற்கு ஏற்ற மாதிரி அல்லவா ஒட்ட வேண்டும்? மீன் பதிக்கும்போது நான் எந்த ஊர் என்று தெரிந்திருந்ததே.

என் நஷ்டத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். டிசம்பர் முழுவதும் கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. வருடத்தில் நான் நாலு காசு பார்ப்பது அந்த ஒரு மாதம்தான். 11 இரவு இரவல் கிட்டாரில் ஓட்டினேன். மாண்டலினுக்கு, 1994-ல் 900 ரூபாய்க்கு வாங்கிய கொல்கத்தா மாண்டலினைத் தூசி தட்டி எடுத்தேன். 42,000 ரூபாய்க் கருவி பெட்டிக்குள் தூங்க, 900 ரூபாய்க் கருவி ஸ்ருதி சேர்ந்து பாடியது. மூன்று மாணவர்கள் நின்றுவிட்டார்கள். (ஒருவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்கிறான், நான் நம்பவில்லை.) 22 வருடமாகச் சேர்த்த பெயரைக் கெடிலத்தில் கரைத்துவிட்டீர்கள். ரூபாயில் போட்டால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது.

இவ்வளவு எழுதினாலும் ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் என் வாய்தான் அழுகும். பிரிட்ஜ் பெயர்வதற்கு முந்தைய அந்த இரண்டு மாதம் கிட்டாரின் நாதம் அபாரம். ஈ மேஜர் அடித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கூட அறையில் அது மிச்சமிருக்கும் போலிருந்தது. உங்கள் கை நல்ல கை, ஐயா. அதனால்தான் மற்றவர் போல நேராக வழக்குக்குப் போகாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனால் போக மாட்டேன் என்று நினைக்க வேண்டாம். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுவது எப்படி என்று என் மகள் காட்டிக் கொடுத்துவிட்டாள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கூடக் கிடையாது. அப்போது நீங்கள்தான் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டும். ஆணையம் குறிக்கும் தேதிக்கு "எந்தச் சனிக்கிழமை" என்று கேட்க முடியாது.

நான் கேட்பது அதிகமில்லை. உங்கள் ஆளே வண்டியோடு வந்து இரண்டையும் எடுத்துப் போக வேண்டும், நான் இனித் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். பிரிட்ஜை முழுவதும் கழற்றி, பாலிஷைச் சுரண்டி மரத்தில் ஒட்டுங்கள். மாண்டலின் நட்டை இடம் மாற்றுங்கள். முடியாது என்றால் 1,10,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். ஐந்து முறை வந்து போன செலவு 2,340 ரூபாய், டிக்கெட் எல்லாம் வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்து 15 நாளில் பதில் வராவிட்டால் மேலே சொன்னதைச் செய்வேன். அந்தத் தம்பி என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால், பஸ் செலவைக் கூட விட்டுவிடத் தயார்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: எடுத்துப் போக ஆள் வரும் நாளைத் தேதி, மாதம், வருடத்தோடு எழுதி அனுப்பவும். கிழமை வேண்டாம்.