வீட்டில் கட்டிய செயற்கைக் கணையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த டேனா லூயிஸுக்கு, கணையம் இன்சுலின் சுரக்காத முதல் வகை சர்க்கரை நோய். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் உடலில் ஒட்டிய சர்க்கரை அளக்கும் சென்சாரின் எச்சரிக்கை ஒலி தன்னை எழுப்பாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் தொடங்கிய வேலைதான் 2015-இல் 'ஓப்பன் ஏபிஎஸ்' என்ற, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் செயற்கைக் கணையத்தின் செய்முறையாக எல்லோருக்கும் இலவசமாக வெளிவந்தது. சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தரும் அளவை ஒரு சின்னக் கணினி வாங்கி, உடம்பில் இன்னும் எவ்வளவு இன்சுலின் வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டு, உடலுக்குள் இன்சுலின் செலுத்தும் பம்பிடம் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிறது. ஆனால் பம்பின் குழாய் மடங்கினால் அதற்குத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும்! அதனால் புரியாமல் யாரும் இதை மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக, வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்தால் மருத்துவர்கள் பேசவே மறுப்பதும் சரியில்லை. நியூசிலாந்தில் 97 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில் இந்த முறை நல்ல பலன் தந்திருக்கிறது. நோயாளியோடு உட்கார்ந்து அந்தக் கருவியின் செட்டிங்குகளைப் பாருங்கள், டாக்டர்.

— ஒரு வாசகர்