வாசலுக்கு முன்னால் 50 மீட்டர்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள் காலையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பள்ளி வாசலுக்குச் சற்று முன்பு, இடது ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் சாலைப் பக்கக் கதவு திடீரென்று திறந்தது. ஹேண்டில்பார் கதவில் இடித்து, அவள் நடுச்சாலையில் விழுந்தாள். பின்னால் வந்த மினி பஸ் மெதுவாக வந்ததால் நின்றது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேறு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மினி பஸ் ஓட்டுநரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். "அந்த இடத்துக்கு வந்தாலே எனக்குக் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும், டீச்சர்" என்றார்.

அந்தக் கார் யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பள்ளி ஆறாம் வகுப்பு மாணவனின் அப்பாவுடையது. "மணி அடித்துவிட்டது, சீக்கிரம் இறங்கு" என்று அவர் விரட்ட, பையன் கதவைத் தள்ளினான். அவர் பொல்லாதவர் அல்ல. மருத்துவமனைக்குக் கூடவே வந்தார், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், செலவை ஏற்றுக்கொண்டார். இந்தக் கடிதத்தில் இதை எழுதவும் அனுமதி தந்தார். ஆனால் மணி அடித்திருக்கவில்லை. இன்னும் 6 நிமிடம் இருந்தது.

இந்த விபத்துக்குப் பிறகு சமூக அறிவியல் ஆசிரியை ஒரு வேலை செய்தார். நான்கு சார்ட் தாள்களை ஒட்டி, மதுரையில் வைகைக்கு வடக்கே நம் பிள்ளைகள் வரும் பகுதி முழுவதையும் வரைந்தார். சைக்கிளில் வரும் மாணவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, வரும் வழியில் எங்கே பயம் வருகிறதோ அங்கே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். கோரிப்பாளையம் சந்திப்பில்தான் புள்ளிகள் குவியும் என்று நான் நினைத்திருந்தேன். நத்தம் சாலை மேம்பாலத்திலிருந்து வண்டிகள் வந்த வேகத்தைக் குறைக்காமல் தல்லாகுளம் பக்கம் இறங்குகின்றனவே, அங்கேயும் குவியும் என்று நினைத்தேன். இரண்டிலும் நிறையவே இருந்தன. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் புள்ளிமேல் புள்ளி விழுந்து, மை ஊறித் தாளே கிழிந்துவிட்டது. அது நம் பள்ளி வாசலுக்கு முன்னால் இருக்கும் 50 மீட்டர்.

அங்கே வருவது லாரிகள் அல்ல. வெளியூர்க்காரர்களும் அல்ல. நாம்தான்.

அடுத்த இரண்டு வாரம், காலை 8.30 முதல் 9.10 வரை நான் வாசலில் நின்றேன். முதல் நாள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் நோட்டை மூடிவிட்டேன். பார்க்கவே கண் போதவில்லை. சாலையின் நடுத்தடுப்பில் உள்ள இடைவெளி வரை போய்த் திரும்பி வரச் சோம்பல்பட்டு, எதிர்த்திசையிலேயே ஓரமாக வரும் பைக்குகள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே ஸ்கூட்டர் ஓட்டும் அம்மாக்கள், அப்பாக்கள். முழங்கையில் தொங்கும் ஹெல்மெட். (முழங்கைக்கு என்ன ஆபத்து என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையை அடைத்து யூ-டர்ன் போடும் கார். அந்தக் காருக்கும் நின்றிருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளியில் புத்தகப் பையும் சாப்பாட்டுப் பையும் ஹேண்டில்பாரில் ஆட, ஒரு காலைத் தரையில் ஊன்றி ஊன்றி வரும் நம் பிள்ளை.

இதில் என் பங்கும் உண்டு. போன வருடம், ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் ஒரு நாளில் நேரமாகிவிட்டது என்று, முன்னால் போன சிறுவன் விலகும்வரை ஹாரனில் இருந்து விரலை எடுக்காமல் ஸ்கூட்டர் ஓட்டி வந்தேன். அவன் தடுமாறி, காலூன்றி, திரும்பிப் பார்த்து, "குட்மார்னிங் டீச்சர்" என்றான். அந்த முகத்தை மறக்க முயன்று தோற்றிருக்கிறேன். பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வகைசெய்யும் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கின்றன. அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று பாடம் நடத்துகிறவள் நான்.

வரைபடத்தின் ஓரத்தில் பிள்ளைகள் பெயரில்லாமல் எழுதிய சில வரிகளை அப்படியே தருகிறேன்.

"பின்னால் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் எங்கே ஒதுங்குவது? ஓரத்தில் மூடி இல்லாத சாக்கடை."

"தவறான பக்கம் வருகிற பைக் அண்ணன் என்னைப் பார்த்து, ஓரமாகப் போகத் தெரியாதா என்று திட்டுகிறார். நான் ஓரத்தில்தான் போகிறேன். அவர்தான் என் ஓரத்தில் வருகிறார்."

"யாராவது கை காட்டினால் ஷேர் ஆட்டோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்னால் நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது."

"எங்கள் அப்பா காரில் போகும்போது சைக்கிள்காரர்களைத் திட்டுவார். எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

கடைசி வரியை எழுதியது யார் என்று நான் தேடவில்லை. நீங்களும் வீட்டில் விசாரிக்க வேண்டாம்.

நான் இயற்பியல் ஆசிரியை. அதனால் கொஞ்சம் கணக்குப் போட அனுமதியுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நமக்கு வேகமாகவே தோன்றுவதில்லை. அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. போனில் வந்த செய்தியை இரண்டு நொடி குனிந்து பார்த்தால், 22 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம் வகுப்பறைகள் மூன்றை வரிசையாக வைத்தால் அவ்வளவு நீளம் வரும். அந்த நீளத்துக்குள் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள். இன்னொன்று: வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். இது பதினோராம் வகுப்புப் பாடம். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

சைக்கிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது கோடு போட்டதுபோல் நேராகப் போகும் வண்டி அல்ல. விழாமல் இருப்பதற்காகவே அது சற்று இடமும் சற்று வலமுமாக வளைந்துகொண்டேதான் போகும். மெதுவாகப் போனால் இன்னும் அதிகம் வளையும். ஒரு குழி, கொஞ்சம் மணல், பாதாளச் சாக்கடை மூடி, எதிர்க்காற்று ஏதாவது ஒன்று போதும், அரை அடி விலகிவிடும். "திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள்" என்று ஓட்டுநர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த அரை அடியைத்தான். உரசுவதுபோல் முந்துகிறவர் அந்த அரை அடியை அவளிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறார். முந்தியே ஆக வேண்டும் என்றால், அவள் அந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் உங்கள் சக்கரத்தில் படாத அளவு இடம் விட்டு முந்துங்கள். இடம் இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள். வாசல்வரை வர ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பஸ் விஷயத்தைப் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்; வீட்டிலும் சொல்லுங்கள். நீளமான வண்டி இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவே சைக்கிளை நுழைத்து நிற்கும் பிள்ளை அந்தப் பின்சக்கரத்தின் வழியில் நிற்கிறது. முன்னால் போய் நிற்கவும் வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கட்டும்.

விபத்துக்குப் பிறகு பல வீடுகளில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். சைக்கிள் ஸ்டாண்ட் பாதி காலியாகிவிட்டது, அதிலும் பெண் பிள்ளைகளின் வரிசை. பிளஸ் 1 வகுப்பில் அரசு கொடுத்த புத்தம் புதிய சைக்கிள் வீட்டு வராந்தாவில் துணி காயப் போடப் பயன்படுகிறது. மகளை அப்பா பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதன் விளைவை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு சைக்கிள் குறைந்த இடத்தில் ஒரு பைக் கூடியது. அந்த பைக்கைப் பார்த்து இன்னொரு அம்மா பயந்து, தன் மகனின் சைக்கிளையும் நிறுத்தினார். இப்படியே போனால் கடைசியில் சைக்கிளில் வருவது பைக் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அத்தனை வண்டிகளுக்கும் நடுவே அவர்கள் தனியாக வருவார்கள். இதற்கு நான் சம்மதிக்க முடியாது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. என் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு முட்டியிலும் சிராய்ப்போடு ஓட்டிப் பழகினார். அதற்குப் பிறகு, தண்ணீர் எடுத்துவரவோ சந்தைக்குப் போகவோ அவர் என் அப்பாவின் கையை எதிர்பார்க்கவில்லை. அவருடைய பேத்தி வயதுப் பெண்களிடம் "வேண்டாம், வீட்டில் வைத்துவிடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெண் பிள்ளைகள் வைத்த புள்ளிகள் சிலவற்றின் பக்கத்தில் வேறு விஷயமும் எழுதியிருந்தது. பைக்கில் இரண்டு பேராக வந்து, சைக்கிளோடு ஒட்டி ஓட்டுவது, துப்பட்டாவை இழுப்பது, கேரியரில் காலால் தள்ளுவது. இடங்களையும் நேரங்களையும் குறித்து, பிள்ளைகளின் பெயர் இல்லாமல், காவல் துறையிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் மகள் வீட்டில் இதைச் சொன்னால், தயவுசெய்து முதல் கேள்வியாக "நீ ஏன் அந்த வழியாகப் போனாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் இதுவரை சொல்லவில்லை. 1098 என்ற சிறுவர் உதவி எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம்.

இனி, 18 வயது ஆகாதவர்கள் ஓட்டும் வண்டிகள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, தெரிந்த கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக நடந்து வரும் பிளஸ் 2 மாணவர்களை எனக்குத் தெரியும். சாவியைக் கொடுத்தது யார் என்றும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான்" என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அடுத்த திங்கள் முதல், மாணவர் ஓட்டிவந்த வண்டி கண்ணில் பட்டால் சாவி என் மேசைக்கு வரும். பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். இதில் சிபாரிசு வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அதே திங்கள் முதல் பள்ளி வாசலில் செய்யப்போகும் மாற்றங்கள்: முதன்மை வாயில் நடந்து வருகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் மட்டும். காரிலும் பைக்கிலும் ஆட்டோவிலும் வரும் பிள்ளைகளைப் பின்புறச் சந்தின் முனையில் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து சிறிய வாயில் நடக்கிற தூரம்தான், ஆர்.எஸ்.பி. (சாலைப் பாதுகாப்புப் படை) மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் நிற்பார்கள். காரில் வருகிறவர்கள் பிள்ளையை இடது பக்கம் உட்கார வைத்து, இடது பக்கமே இறக்குங்கள். வலது பக்கக் கதவை ஓட்டுநர் திறந்தாக வேண்டும் என்றால் இடது கையால் திறக்கட்டும். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் வருகிறவரைப் பார்க்கும். ஹெல்மெட் சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் உண்டு, பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் சேர்த்து. மாலையில் சைக்கிள் பிள்ளைகளை 10 நிமிடம் முன்னதாக அனுப்பிவிடுவோம். அதுவரை வண்டிகள் சந்தில்தான் காத்திருக்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது, மாலை சீக்கிரம் இருட்டுகிறது. ஒரு கையில் குடையோடு யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது. பின் மட்கார்டில் ஒட்டும் சிவப்பு ஒளிர்பட்டையைப் பள்ளியே தருகிறது. பிரேக் கட்டையும் செயினும் சரியாக இருக்கின்றனவா என்பதைச் சனிக்கிழமை காலை, தெருமுனையில் கடை வைத்திருக்கும் நம் முன்னாள் மாணவர் பணம் வாங்காமல் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.

விபத்து நடந்த அன்று அந்தப் பெண்ணைத் தூக்கி உட்கார வைத்து, தன் முந்தானையால் கையைக் கட்டியது வாசலில் பூ விற்கும் அம்மா. அதற்குள் ஏழெட்டு வண்டிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. உதவி செய்தவர் மீது வழக்குத் தொடரவோ, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவோ கூடாது என்று அதே 2019 திருத்தத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் பாதுகாப்புத் தருகின்றன. 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.

வரைபடம் இப்போது அலுவலகத்துக்கு வெளியே மாட்டியிருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். இதனுடன் இணைத்துள்ள சீட்டில் உங்கள் பிள்ளை எந்த வழியாக, எதில், யாருடன் வருகிறது என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கூட்டத்துக்குச் சைக்கிளில் வர முடிந்தவர்கள் சைக்கிளிலேயே வாருங்கள். ஸ்டாண்டில் இப்போது நிறைய இடம் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியை