விரல்நுனியும் கைக்கடிகாரமும்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம் வாங்கிவிட்டதாகவும், ஒரு வாரமாக விரலில் குத்தவே இல்லை என்றும் ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியோடு சொன்னாய். அதைக் கெடுக்க மனம் வராமல் அப்போது பேசாதிருந்தேன். உன் ஒன்பது வயதிலிருந்து குத்தியவன் நான். ஆச்சி பார்க்க மாட்டாமல் அடுக்களைக்குள் போய்விடுவதும், நீ அழாமல் அடுத்த விரலை நீட்டுவதும் எனக்கு மறக்கவில்லை. வலியில்லாத வழி ஒன்று வராதா என்று உன்னைவிட அதிகம் ஏங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன் அம்மா, அந்தக் கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போடாதே.

ஆக்சிமீட்டர் ஒளியால்தானே அளக்கிறது, சர்க்கரையை மட்டும் ஏன் அளக்க முடியாது என்று கேட்டாய். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு நிறம் உண்டு. ஆக்சிஜன் ஏறினால் ஒரு சிவப்பு, இறங்கினால் வேறு சிவப்பு. ஆகவே சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளியை விரலுக்குள் அனுப்பி ஒப்பிட்டால் போதும். குளுக்கோஸுக்கோ நிறமே இல்லை. அது ஒளியை உட்கவர்வது அகச்சிவப்பில். அங்கே தண்ணீரும் கொழுப்பும் புரதமும் அதை மூடி மறைத்துவிடுகின்றன. நாம் 100 என்று சொல்லும் அளவு, ஒரு லிட்டர் இரத்தத்தில் ஒரே ஒரு கிராம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதா இறங்கியதா என்று தோலுக்கு வெளியிலிருந்து கண்டாக வேண்டும். தோல் வியர்த்தாலோ, சூடேறினாலோ, பட்டை சற்று இறுகினாலோ ஒளியில் உண்டாகும் மாற்றமே அதைவிடப் பெரிது. குறுக்குத்துறையில் வெள்ளம் செம்மண்ணாகப் புரண்டு போகும் நாளில், மேலே யாரோ ஊற்றிய ஒரு குடம் பதநீரைப் படித்துறையில் நின்று கண்டுபிடிப்பதற்கு ஒப்பானது இது.

நான் அஞ்சுவது இன்னொன்றை. சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும்போது நாடித்துடிப்பும் தோலின் இரத்த ஓட்டமும் உடன் மாறுவதால், கருவி அவற்றைப் பழகிக்கொண்டு, சர்க்கரையைப் பாராமலே பொருத்தமான ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியும். வேளைக்கு உண்டு உறங்கும் நாளில் அது சரியாகவே தோன்றும். இன்சுலின் போட்டுவிட்டு வேலை மும்முரத்தில் நீ சாப்பிட மறந்த நாளில்தான் தவறும்.

பக்கத்து வீட்டில் அதே வகைக் கடிகாரம் இருந்தது. இரவல் வாங்கி வாழைத்தண்டில் கட்டிப் பார்த்தேன்; 108 என்று காட்டியது. நீ பத்தாம் வகுப்பு படித்தபோது, விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை 46-க்கு இறங்கி, உடம்பெல்லாம் நனைந்து, என்னைப் பார்த்து யார் என்று கேட்டாயே, அன்று உன் கையிலும் அது 108 என்று காட்டியிருந்தால் நான் குளுக்கோஸ் கரைத்துத் தந்திருப்பேனா?

தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

ஆராய்ச்சி வீண் என்று நான் கருதவில்லை. இயற்பியல் நடத்தியவனுக்கு இராமன் விளைவின்மீது பெரும் நம்பிக்கை. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டது. அறிவியல் நாளுக்காக நீயே அதைப் படமாக வரைந்திருக்கிறாய். சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு அலைநீளம் மாறி வருகிறது, அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு என்பதால் குளுக்கோஸுக்கும் தனக்கென ஒரு கைரேகை உண்டு. ஆனால் அப்படி மாறுவது கோடியில் ஏறக்குறைய ஒன்று, அதையும் தோலின் சொந்த ஒளிர்வு மூழ்கடிக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் உயிருள்ள பன்றியின் தோலில் அந்த ரேகையை நேரடியாகக் கண்டதாக 2020-இல் வெளியிட்டதைப் படித்த அன்று உன் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். அது ஆய்வுக்கூடக் கருவி, மணிக்கட்டுக்கு வரவில்லை.

விரலுக்கு ஓய்வு வேண்டுமென்றால், மேற்கையில் ஒட்டும் சென்சாரைப் பற்றி உன் மருத்துவரிடம் கேள். மயிரிழை போன்ற ஒரு கம்பி தோலுக்கடியில் இருந்து திசுநீரின் சர்க்கரையை இரண்டு வாரம் வரை அளக்கும். இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கினாலும் அது உண்மையிலேயே குளுக்கோஸை அளக்கிறது. செலவை நினைக்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ரிப் இரண்டு டப்பாவும் விரலில் குத்தும் லான்செட்டும் இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அவை வரும் வரை கையிலிருப்பதில் பார். இன்றிரவு படுக்குமுன் விரலில் வந்த எண்ணை எனக்கு அனுப்பு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா