நீ வயிற்றில் இருந்தபோது என் கை வலிக்கவில்லை

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பெண்ணின் ஹார்மோன்கள் உடம்பிலிருக்கும் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், எப்படி அடக்குகின்றன, பிள்ளை பிறந்ததும் அது ஏன் திரும்பி வருகிறது என்றுதான் பார்க்கிறேன் என்றாய். நான் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் என் கை அப்போதே விரல் முட்டியைத் தடவ ஆரம்பித்துவிட்டது.

எனக்கு முடக்குவாதம் வந்தது 1991-ல். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, கத்தரிக்கோல் பிடிக்க வராது, வெந்நீரில் கையை வைத்திருந்து அப்புறம்தான் காஜா எடுக்க உட்காருவேன். அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கொடுத்தது உங்கப்பாதான்.

1994-ல் நீ வயிற்றில் வந்தாய். நாலாம் மாதம் ஒரு நாள் விடியற்காலையில் பழக்கதோஷத்தில் நானே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன், இரண்டு குடம் நிறைந்த பிறகுதான் கை வலிக்கவில்லையே என்று உறைத்தது. வளைகாப்பில், மூன்று வருஷமாக முட்டி வீக்கத்தைத் தாண்டாத வளையல் சுலபமாக ஏறியது. சுற்றி நின்றவர்களுக்கு அது ஒன்றும் தெரியாது, நான் மட்டும் அழுதேன்.

நீ பிறந்து மூன்றாம் மாதம் எல்லாம் திரும்பிவிட்டது. உன் சட்டைக்கு முடிச்சுப் போட முடியவில்லை. பச்சை உடம்போடு பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால்தான் என்று உன் பாட்டி சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் வலி போய் வந்த கதையைச் சொன்னேன், அதெல்லாம் மனசு என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சரி, என் தப்புதான் போலிருக்கிறது என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க டாக்டர் 1938-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார் என்று நீ சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. கர்ப்பத்தில் மட்டுமல்ல, மஞ்சள் காமாலை வந்தாலும் சிலருக்கு மூட்டு வலி குறைகிறது, காமாலை ஆண்களுக்கும் வருகிறதே, அப்படியானால் இரண்டு பேர் உடம்பிலும் இருக்கிற ஏதோ ஒன்றுதான் என்று தேடிப்போனவர். அந்தத் தேடல் 1948-ல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியில் முடிந்து 1950-ல் நோபல் பரிசும் வந்திருக்கிறது. நான் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையின் வேரே என்னைப் போன்ற கர்ப்பிணிகள் சொன்னதில் இருக்கிறது, பாப்பா. அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் இப்படிக் குறையாது என்பது எனக்கும் தெரியும். எதிர் வீட்டு அக்காவுக்குக் கர்ப்பத்திலும் வீக்கம் அடங்கவில்லை. ஹார்மோன் மட்டும் காரணமில்லை, பிள்ளையில் பாதி அப்பாவுடையது, அதைத் தாக்காமலிருக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன்னை மாற்றிக்கொள்கிறது என்றாயே, அதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் ஆராய்ச்சிக்கு வரும் பெண்களிடம் வலி எப்போது இல்லாமல் இருந்தது என்றும் கேள். மாதவிலக்குக்கு முன்பா, பிள்ளை பெற்ற பிறகா, தீட்டு நின்ற பிறகா என்று நிதானமாகக் கேள், அவசரப்படுத்தாதே. என்னை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் போதும். அப்புறம், கொருக்குப்பேட்டையில் நம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்த மாத்திரையோடு கர்ப்பம் தரிக்கக் கூடாது, பிள்ளைக்கு யோசிக்கும் முன்பே டாக்டரிடம் பேசு என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அவளுக்கு ஒரு போன் போடு.

அலமாரியில் என் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். 1994-ம் வருஷச் சீட்டு இரண்டு இருக்கிறது, மழைத் தண்ணீரில் மை கலங்கியிருந்தாலும் தேதி தெரிகிறது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறேன், பெரிதாக்கிப் பார்.

அம்மா