வேலிக்கால் ஊன்ற வண்டி பிடிக்குமுன் மண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் தோப்புக்கும் மனைக்கும் வேலி போடும் வேலை மும்முரமாகும். பலர் முதலில் கால்களை வாங்கி இறக்கிவிடுகிறார்கள். பிறகு கால் ஊன்றப் பக்கத்தில் எந்த இயந்திர வண்டி கிடைக்கிறதோ அதை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். செட்டிநாட்டு மண்ணுக்கு இது ஒத்துவராது. மேலே ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே செம்புராங்கல் (லேட்டரைட் என்னும் செந்நிறக் கல்), கண்மாயை ஒட்டிய மூலையில் களி என்று ஒரே நிலத்துக்குள் மூன்று விதமும் இருக்கும். எந்தக் கருவி வேண்டும் என்பதை மண்ணும் காலின் வகையும்தான் சொல்ல வேண்டும்.

நான்கு மூலையிலும், இடையில் நூறடிக்கு ஓரிடத்திலும் கடப்பாரையால் இரண்டடி ஆழம் குத்திப் பாருங்கள். செம்மண்ணில் கடப்பாரை தடையில்லாமல் இறங்கும். களியில் இறங்கியது திரும்ப வராமல் பிடிக்கும். செம்புராங்கல்லில் துள்ளும், சிவப்பும் மஞ்சளும் கலந்த தூள் வரும். இந்தக் கல் ஈரத்தோடு மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டுக்கு இணங்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். அதனால் மழை முடிந்த கையோடு வேலையை ஆரம்பிப்பது நல்லது. பங்குனி, சித்திரைக்குத் தள்ளிப்போட்டால் அதே குழிக்கு இரட்டிப்பு உழைப்பு ஆகும்.

கல்கால், சிமெண்ட் கால் இரண்டையும் அடித்து இறக்கவே கூடாது. சிமெண்ட் காலின் தலையில் சம்மட்டி விழுந்தால் வெளியே தெரியாத மயிரிழை விரிசல் ஓடும். அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காலையே பிளந்துவிடும். இவற்றுக்குக் குழிதான் வழி. நான்கு அங்குலக் காலுக்கு ஒன்பது அங்குலக் குழி போதும். எட்டடிக் கால் என்றால் இரண்டடி ஆழம், மூலைக்கால் இரண்டரை அடி. மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். குழி நிறைய ஒரேயடியாகத் தள்ளி மேலே மிதித்துவிட்டுப் போனால், கம்பியை இழுத்துக் கட்டும் அன்றே கால் சாயும்.

திருகு போல் சுழன்று குழி தோண்டும் கருவிதான் ஆகர். கையில் பிடித்து ஓட்டும் பெட்ரோல் ஆகர், 52 அல்லது 63 சிசி, செம்மண்ணுக்கும் களிக்கும் பொருத்தம். செம்புராங்கல்லில் அதை இறக்காதீர்கள். பல் கல்லில் மாட்டி நின்றாலும் எஞ்சின் சுழல்வது நிற்காது; இயந்திரமே திரும்பிப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டையும் விலாவையும் அடிக்கும். அங்கே டிராக்டரின் பிடிஓ தண்டில் (எஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) மாட்டும் ஆகர்தான் சரி. 35 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர், நுனியில் கார்பைடு என்னும் கடின உலோகப் பல் வைத்த பிட் (மண்ணைக் குடையும் திருகு), இரண்டும் இருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேளுங்கள். சாதாரணப் பல் செம்புராங்கல்லில் சீக்கிரமே மழுங்கிவிடும். அரையடிக்கு ஒருமுறை பிட்டைத் தூக்கி மண்ணை உதற வேண்டும். தொடர்ந்து இறக்கினால், களியில் திருகாணி போல் மாட்டிக்கொண்டு டிராக்டரையே இழுக்கும். களிக்குழியின் சுவரை ஆகர் வழவழப்பாக்கிவிடும், அதைக் கடப்பாரையால் கீறிவிட்ட பிறகே காலை நிறுத்துங்கள்.

பிடிஓ ஆகரில் ஒரு சிறிய போல்ட் இருக்கும். கல்லில் மாட்டினால் தான் முறிந்து கியர்பெட்டியைக் காப்பதே அதன் வேலை. அடிக்கடி முறிகிறதே என்று சிலர் கடினமான போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்தமுறை உடைவது கியர்பெட்டி. சுழலும் தண்டுக்கு மூடி இல்லாத வண்டியை வேலைக்கு எடுக்கவே வேண்டாம். துண்டோ வேட்டி நுனியோ சுற்றிக்கொண்டால் ஆளைக் காப்பாற்ற நேரம் இருக்காது.

ஆங்கிள் எனப்படும் ‘எல்’ வடிவ இரும்புக் கால்களைத்தான் அடித்து இறக்கலாம், இறக்கவும் வேண்டும். தோண்டாத மண் காலை நான்கு பக்கமும் கவ்விப் பிடிக்கும். தோண்டி மூடிய குழிக்கு அந்தப் பிடி வராது. சம்மட்டியால் அடித்தால் தலை மடங்கும், துத்தநாகப் பூச்சு உரியும், அடி சாய்ந்தால் கால் வளையும். ஒரு முனை மூடி, இரு பக்கமும் கைப்பிடி வைத்த இரும்புக் குழாயைக் காலின் மேல் கவிழ்த்து, தூக்கித் தூக்கி இறக்குவதே நேரான முறை. இதைக் காரைக்குடியில் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். 40 மில்லிமீட்டர் ஆங்கிளின் இரு விளிம்புக்கு இடையே 57 மில்லி வரும், அதற்கு இரண்டரை அங்குலக் குழாய். 50 மில்லி ஆங்கிளுக்கு 71 மில்லி வரும், அதற்கு மூன்று அங்குலக் குழாய். கனமான ரகமாகப் பார்த்து முக்கால் மீட்டர் வெட்டி, மேலே 25 மில்லி தகடு வைத்துப் பற்றவைத்தால், மூன்று அங்குலக் குழாய் கைப்பிடியோடு 11 கிலோ அளவில் நிற்கும். எடை இதற்குக் குறைந்தால் அடி விழாது, மிகவும் கூடினால் மதியத்துக்குள் தோள் விட்டுவிடும். தூக்கும்போது குழாயின் வாய் காலின் தலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விளிம்பு ஆங்கிள் மேல் இடறி, குழாய் தலையிலோ முகத்திலோ விழும்.

செம்புராங்கல்லில் ஆங்கிளை நேராக அடித்தால் நுனி சுருண்டு பக்கவாட்டில் ஓடும். கிணற்று வேலைக்கு வரும், காற்றழுத்தத்தால் கல்லில் துளை போடும் கம்ப்ரசர் டிராக்டரை வைத்து, ஒண்ணேகால் அங்குலத் துளையை இரண்டடிக்குப் போட்டுவிட்டு, அதில் 40 மில்லி ஆங்கிளை அடியுங்கள். துளை காலைவிடச் சிறியது என்பதால் விளிம்புகள் கல்லைச் சீவிக்கொண்டு இறுகும். சிமெண்ட் தேவைப்படாது.

ஜேசிபி பக்கெட்டால் காலை அமுக்கி இறக்குவது இப்போது பல இடங்களில் நடக்கிறது. வேகம் என்னவோ உண்மைதான். ஆனால் பக்கெட் நேர்க்கோட்டில் இறங்காது, வளைவாகத்தான் இறங்கும். கால் சாய்வதோடு, அதைப் பிடித்து நிற்பவர் பக்கெட்டுக்கு அடியிலேயே நிற்கிறார். இதைச் செய்யச் சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். சாலையோர நிலமானால் குடிநீர்க் குழாய், மின்கேபிள் எங்கே போகிறது என்று ஊராட்சியிலும் மின்வாரியத்திலும் கேட்காமல் எந்த இயந்திரத்தையும் இறக்கக் கூடாது.

வேளாண் பொறியியல் துறை டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம் போன்றவற்றை வாடகைக்குத் தருகிறது. அந்த வரிசையில் சிவகங்கை மாவட்டத்துக்குக் கார்பைடு பல் பொருத்திய பிடிஓ ஆகரையும், வட்டாரத்துக்குக் கால் அடிக்கும் கைப்பிடிக் குழாய்கள் சிலவற்றையும் சேர்க்கத் துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலிப் பணி செய்வோர்,
காரைக்குடி வட்டாரம்.